ஏடு காத்தலும் ஏடு வழங்கலும்

பொன்னும் நெல்லும் போல்வன வழங்குந்தோறும் குறையும் இயல்பின. கல்வியோ வழங்குந்தோறும் வளர்வது, வழங்காதொழியின் தேய்வது. இவ்வேறுபாடு யாவரும் அறிந்ததே. எனினும், கல்வியைத் தாங்கி நிற்கும் ஏடு என்னும் பொருள் இவ்விரண்டற்கும் இடைப்பட்டது. ஏட்டிலுள்ள நூல் பலரும் பயிலப் பயில வளரும்; ஏடோ பலர் கைப்படப் படத் தேயும். நூலை வாழ்விக்கக் கருதுவோன் அதனைத் திறந்து கொடுத்தல் வேண்டும். ஏட்டை வாழ்விக்கக் கருதுவோன் அதனை மூடி வைத்தல் வேண்டும். இவ்விரண்டனுள் அறமாவது யாது என்னும் வினா மிகப் பழையது. ஓலைச்சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் ஒளிப்படமாக்கிக் கணினியிற் சேர்த்து, எத்திசையோரும் இணைய வழியாகக் காணுமாறு வைக்கும் முயற்சி பெருகியுள்ள இக்காலத்தில், அவ்வினா தீர்ந்துவிட்டதெனப் பலர் எண்ணுகின்றனர். அது தீர்ந்ததா, அன்றி வேறோர் உருக்கொண்டு நிற்கின்றதா என்பது ஆராயத்தக்கது.

முதற்கண் ஏட்டின் இயல்பை நோக்குதல் வேண்டும். பனையோலையை நறுக்கி, வேகவைத்து, உலர்த்தி, மெருகிட்டு, எழுத்தாணியாற் கீறி, விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றொடு கூட்டித் தடவி எழுத்தைப் புலப்படச் செய்தல் முன்னையோர் வழக்கம். துளையிட்டுக் கயிறு கோத்து, இருபுறமும் சட்டமிட்டுக் கட்டிய சுவடி நன்கு பேணப்படின் சில நூற்றாண்டு நிற்கும். பேணப்படாதாயின் செல்லுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் இரையாகும். ஆதலின் ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தமிழ் நூலொன்று இன்று கற்பார் கையில் இருக்குமாயின், அஃது அதன் ஆசிரியர் எழுதிய ஏடன்று. படிக்குப் படியாகி, அதற்கும் படியாகி வந்ததேயாம். ஏட்டின் இறுதியில் ஆண்டும் திங்களும் நாளும் தம் பெயரும் குறித்து, பிழையிருப்பிற் பொறுத்தருளுமாறு வேண்டிச் சென்றோர் பலர். பெயரும் குறியாது சென்றோர் அவரினும் பலர். அவரெல்லாம் இராத்திரியும் பகலும் குனிந்திருந்து எழுதிய கைப்பாட்டின் பயனே இன்று நூலென நிற்பது. ஆகவே முன்னையோர் கொண்ட காத்தல் என்பது படியெடுத்தலேயன்றிப் பூட்டி வைத்தல் அன்று என்பது பெறப்படும்.

படியெடுத்த பின், சிதைந்த பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்று வெள்ளத்தில் விடுதலும் தீயிலிடுதலும் ஒரு வழக்காக இருந்தன. கடமை முடித்து ஓய்ந்த உடலுக்குச் செய்யும் இறுதிக்கடன் போன்றது அது. பிற்காலத்திற் படியெடுக்கும் வழக்கம் தளர்ந்தது. ஆற்றில் விடும் வழக்கமோ தளரவில்லை. கடமை போயிற்று; சடங்கு நின்றது. சுவடி தேடி ஊரூராகச் சென்ற உ. வே. சாமிநாதையர் (1855–1942), பழைய ஏடுகள் நெய்யில் தோய்க்கப்பட்டு வேள்வித்தீயில் இடப்பட்ட செய்தியைக் கேட்டு வருந்தியமை அவர்தம் வாழ்க்கை வரலாற்றிற் காணப்படும். அவ்வாறு இட்டோர் தீயோர் அல்லர். விதிப்படி செய்வதாகவே எண்ணினர். ஆயின் விதிக்கு முன்னிலையாகிய கடமையை மறந்தனர்.

சைவ மரபில் இவ்வினாவிற்கு மூலமாக நிற்பது திருமுறை கண்ட வரலாறு. மூவர் அருளிய தேவாரத் திருப்பதிகங்கள் தில்லையில் ஓர் அறையில் மூவர் கைக்குறியிட்டு வைக்கப்பட்டிருந்தன என்றும், அம்மூவரும் வந்தாலன்றி அறை திறக்கப்படாது என அங்குள்ளோர் கூறினர் என்றும், நம்பியாண்டார் நம்பியொடு சென்ற சோழ மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பித்தான் என்றும் அவ்வரலாறு கூறும். திறந்தபோது ஏடுகளின்மேற் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கிப் பார்க்கையில் பெரும்பகுதி அழிந்திருந்தது. மன்னன் கலங்கியபோது, இக்காலத்திற்கு வேண்டுவனவற்றையே வைத்தோம் என ஒரு திருவாக்கு எழுந்தது என்பர்.

இவ்வரலாற்றிற் கருதத்தக்கன இரண்டு. கதவை மூடியோர் பகைவர் அல்லர். அடியார் கைக்குறி இட்ட கதவைத் தொடுதலும் பிழையென அஞ்சிய அன்பரே. அவர் நோக்கம் தூயது. ஆயினும் செல் அந்நோக்கத்தை அறியாது. பத்திமை ஒன்றே ஏட்டைக் காக்கும் எனின், தில்லையிற் செல் புகுந்திராது. இஃது ஒன்று. வேண்டுவன தாமே நிற்கும், வேண்டாதன தாமே அழியும் என அத்திருவாக்கைக் கொண்டு மக்கள் வாளாவிருத்தல் அமையுமா என்பது மற்றொன்று. அமையாது. என்னையெனின், அத்திருவாக்கு கதவைத் திறப்பித்து, எண்ணெய் சொரிந்து, எஞ்சியவற்றைத் தொகுக்க முயன்றான் ஒருவனுக்கு ஆறுதலாக எழுந்ததேயன்றி, முயலாது இருந்தார்க்கு அரணாக எழுந்ததன்று. அருள் முயற்சியின் முடிவில் வந்து தேற்றுவது. முயற்சிக்கு முன்னே நின்று தடுப்பதன்று.

இதற்குச் சான்றாகப் பிற்காலத்தில் நிகழ்ந்ததொன்றுண்டு. திருவாரூர் மாவட்டத்துத் திருவிடைவாய்த் திருக்கோயிலில், ஏடுகளிற் காணப்படாத திருஞானசம்பந்தர் திருப்பதிகம் ஒன்று கல்லில் வெட்டப்பட்டிருத்தல் 1917-ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. ஏட்டில் இல்லாதது கல்லில் நின்றது. அழிந்தன அழிந்தனவே எனக் கல்வெட்டைப் படியாது விட்டிருப்பின், அப்பதிகம் கோயிற் சுவரில் இருந்தும் இல்லாததாகவே முடிந்திருக்கும். ஒரு நூல் ஓர் உடலிலன்றிப் பல உடலில் வாழ்தல் வேண்டும் என்பதற்கு இதனின் மிக்க சான்று வேறில்லை. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேரையும், உடுக்கையும் மத்தளமும் முழக்குவார் இருவரையும் நியமித்து நாள்தோறும் நெல் அளக்குமாறு கல்லில் வெட்டுவித்தான். ஏட்டில் ஒருபடி, கல்லில் ஒருபடி, நாவில் ஒருபடி என மூவகையாகக் காத்தமையே திருமுறை இன்று நிற்றற்குக் காரணமாம்.

இந்நாளில் நான்காவதாக வந்தது மின்படி. அதன் முன்னர்ச் சுவடிகளை ஓரிடத்துத் திரட்டும் பணி நடைபெற்றது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1869-இல் ஏற்பட்டது. உ. வே. சாமிநாதையர் திரட்டிய ஏடுகளுக்கென 1943-இல் ஒரு நூல்நிலையம் அமைந்தது. புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், ழான் ஃபிலியோசா என்னும் அறிஞர் தலைமையில், திருக்கோயில்களிலும் திருமடங்களிலும் சிவாசாரியர் இல்லங்களிலும் இருந்த சைவாகமச் சுவடிகளைத் தேடினர். ஏட்டைப் பிரிய மனமில்லாதார்பால் இரவலாகப் பெற்று, தாளிற் படியெழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்தனர். இங்ஙனம் புதுச்சேரியிற் சேர்ந்த ஏறத்தாழ 11,000 சுவடிகள் 2005-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டு அமைப்பாரது உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. தேவாரம் முழுமையும் தேடிப் படித்தற்கேற்ற குறுந்தட்டு ஒன்றும் 2007-இற் புதுச்சேரியினின்று வெளிவந்தது.

மின்படி யாங்ஙனம் ஆக்கப்படுகின்றது என்பதையும் அறிதல் நன்று. சுவடியின் தூசியை மெல்லிய தூரிகையால் நீக்குவர். மாறிக் கிடக்கும் ஏடுகளை ஓரத்தில் எழுதிய தமிழெண்களைக் கொண்டு வரிசைப்படுத்துவர். எலுமிச்சைப்புல் எண்ணெய் போல்வதொன்றைத் தடவி ஓலைக்கு நெகிழ்ச்சி தருவர். அது பூச்சியையும் விலக்கும். எழுத்து மங்கியிருப்பின் மீண்டும் மை ஊட்டுவர். பின்னர் அளவுகோலும் நிறப்பட்டையும் அருகு வைத்து ஒவ்வோர் ஏட்டையும் இருபுறமும் படமெடுப்பர். செறிவு குறையாத பெரும்படி ஒன்றைக் காப்பிற்கென வைத்து, சிறுபடி ஒன்றைப் படிப்பார்க்கென ஆக்குவர். நூற்பெயர், ஆசிரியர், ஏட்டின் தொகை, சிதைவு, கிடைத்த இடம் முதலியவற்றை விளக்கக் குறிப்பாக எழுதுவர். இக்குறிப்பு இல்லையேல் பல்லாயிரம் படங்கள் பெயரில்லாக் கூட்டமாய்க் கிடக்கும்.

இனி, இம்மின்படி பற்றி எழும் தடைகளை நோக்குவோர்க்கு மூன்று முதன்மையாகத் தோன்றும்.

படி கிடைத்தபின் ஏடு எற்றுக்கு என்பது முதல் தடை. உடல் அழியினும் உயிர் அழியாதவாறு போல, ஏடு அழியினும் நூல் அழியாதன்றோ என்பர். உவமை பொருத்தமானதே, ஆயின் அதனை முற்றும் கொள்ளுதல் வேண்டும். சைவ சித்தாந்தம் உடலை இகழ்ந்தொதுக்குவதன்று. ஆணவ இருளில் அறியாது கிடந்த உயிர்க்கு, மாயையின் ஆக்கமாகிய உடலும் கருவிகளும் விடியுமளவும் உதவும் விளக்குப் போல்வன என்பது அதன் கொள்கை. உயிர் உடலின்றி அறியாது. நூலும் தாங்கும் பொருளின்றி நில்லாது. மின்படியும் ஓர் உடலே. உடலற்ற உயிர் அன்று. ஒளிப்படம் எழுத்தின் வடிவைக் காட்டும். ஓலையின் பழமையும், மையின் கூறும், சுரண்டித் திருத்திய இடமும், இன்னும் வரவிருக்கும் கருவிகள் கண்டுரைக்கத்தக்க பிறவும் ஏட்டிலேயே உள. ஆதலின் படி வந்தமை ஏட்டை எறிதற்கு உரிமை தருவதன்று. ஏட்டை அடிக்கடி தொடாது ஓய்வு கொடுத்தற்கே உரிமை தருவது. ஏடு தேயாமலும் நூல் வளருமாறும் இங்ஙனம் வழி பிறந்தது உண்மையே.

படியெடுப்போர்க்கு வேண்டும் நேர்மையைச் செம்பியன் மாதேவியார் செயலிற் காணலாம். சிவஞானச் செல்வராகிய கண்டராதித்த சோழரின் தேவியார் அவர். திருக்கோடிகாவில் பழைய கோயிலைக் கற்றளியாகப் புதுப்பித்தபோது, அங்குச் சிதறிக் கிடந்த பழங்கற்களின் சாசனங்களைப் படியெடுத்துப் புதுச்சுவரில் வெட்டுவித்தார். அவ்வாறு வெட்டியபோது, இஃது ஒரு பழங்கல்லின் படி என்னும் குறிப்பையும் உடன் பொறிக்கச் செய்தார். முதலைப் போலக் காட்டிப் படியை நிறுத்தவில்லை. ஆயிரம் ஆண்டிற்கு மேற்பட்ட அக்குறிப்பு இன்று மின்படி ஆக்குவோர் அனைவர்க்கும் விதியாகத் தக்கது. எவ்வேட்டினின்று, எவ்வாண்டில், யாரால் எடுக்கப்பட்டது, எவ்விடம் விடுபட்டது, எவ்விடம் திருத்தப்பட்டது என உரைக்கும் படியே நம்பத்தக்க படி.

மின்படி என்றும் அழியாதது, ஆகவே கவலை இனி இல்லை என்பது இரண்டாவது தடை. இது முற்றும் பிழை. பெட்டியில் நூறாண்டு மறந்து கிடந்த ஓலையும் தூசி தட்டினாற் படிக்கப்படுதல் உண்டு. வன்தட்டொன்று சில ஆண்டு கவனிப்பாரின்றிக் கிடப்பின், திறக்கும் கருவியின்றி ஊமையாதலும் உண்டு. ஓலை சிறிது சிறிதாகச் சிதையும். மின்படி ஒருநாள் உள்ளது, மறுநாள் முற்றும் இல்லையாகும். ஆதலின் காப்போர் ஒரே படியை வெவ்வேறூர்களில் வைப்பர். ஒவ்வொரு கோப்பிற்கும் சரிபார்ப்பு எண் ஒன்று கணித்து, அவ்வெண் மாறியுளதா எனக் காலந்தோறும் நோக்குவர். பழைய தட்டினின்று புதிய தட்டிற்கு மாற்றிக்கொண்டே செல்வர்.

இத்தொண்டிற்கு நேரான உவமை திருக்கோயில் நந்தா விளக்கு. ஒரு விளக்கு அணையாதெரிய நெய் வேண்டும். நெய்க்கு ஆடு வேண்டும். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் ஒரு நந்தா விளக்கிற்கு 90 அல்லது 96 ஆடு கொடுத்த செய்திகள் பல. அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்றனர். ஆடு சாகாததன்று, சாவதற்கு ஈடாகக் குட்டி வளர்ந்து தொகை குறையாது நிற்குமாறு ஏற்றுக்கொண்டோர் காத்தலின் அப்பெயர் பெற்றது. விளக்கிட்டவன் புகழ் பெற்றான். ஆயின் விளக்கை எரித்தவர் நாள்தோறும் நெய்யளந்த இடையரே. மின்படியும் அத்தகையது. படமெடுத்த நாளில் விழா எடுத்தல் எளிது. பத்தாண்டு கழித்து அப்படம் திறக்கின்றதா எனப் பார்ப்பாரை நிறுத்தி, அவர்க்கு ஊதியமும் கருவியும் குறையாது அளித்தலே அரிது. மின்படிக்கு நிதியளிக்கும் செல்வர் விளக்குத் தண்டோடு நில்லாது ஆட்டையும் விடுதல் வேண்டும்.

ஒரே இடத்தில் வைத்ததன் துயரை யாழ்ப்பாணத்தார் அறிவர். 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. மீண்டும் பெறலாகாத சுவடிகளும் அவற்றுள் இருந்தன. 2005-இல் ஈழத்துத் தமிழர் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் திரட்டி, யாவரும் விலையின்றிப் படிக்குமாறு வைத்துள்ளது. தீயால் இழந்த மக்கள் தேர்ந்த வழி, மீண்டும் ஒரு பெட்டியிற் பூட்டுதல் அன்று, பலர்பாற் பரப்புதல்.

தகுதி நோக்காது யாவர்க்கும் திறத்தல் முறையா என்பது மூன்றாவது தடை. சிவாகமங்களுள் தீக்கை பெற்றார்க்கே உரியனவாகக் கூறப்பட்ட பகுதிகள் உள. மருத்துவ ஏடு, ஒருவர் குடும்பத்து நிலவுரிமை, சாதகம் முதலியன எழுதிய ஏடுகளும் உள. இவற்றைப் பொதுவிற் பரப்புதல் ஏடு கொடுத்தார்க்கு இழைக்கும் பிழையாகாதா எனின், இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இதற்கு விடை காத்தலையும் வழங்கலையும் பிரித்துணர்தலில் உள்ளது. காத்தற்கு வரையறை இல்லை. எல்லா ஏடும் படியெடுத்துக் காக்கப்படல் வேண்டும். வழங்கற்கு வரையறை உண்டு. அது கொடுத்தவர் இசைவையும் பொருளின் இயல்பையும் பொறுத்தது. தீக்கைக்குரியதென மரபினர் கூறுவதனை அவரொடு கலந்து முடிவு செய்தல் முறை. ஆயின் அவ்வரையறை பொதுவுடைமையாகிய பிற நூல்களையும் மூடி வைத்தற்குச் சாக்காகலாகாது.

திருமறைக்காட்டு வரலாறு ஈண்டுக் கருதத்தக்கது. வேதங்கள் வழிபட்டு மூடிய கதவு நெடுங்காலம் அடைபட்டுக் கிடக்க, மக்கள் வேறொரு வாயில் வழியே சென்று வழிபட்டனர். அப்பர் பாடத் திறந்தது. சம்பந்தர் பாட மூடியது. அன்று தொட்டு அக்கதவு நாள்தோறும் திறந்தும் அடைத்தும் வழங்கலாயிற்று. அடியார் இருவரும் கதவைப் பெயர்த்தெறியவும் இல்லை. அடைத்தது அடைத்தபடி விடவும் இல்லை. திறக்கவும் அடைக்கவும் ஆவதே கதவு. திறவாக் கதவு சுவரேயாம். இந்நாளிற் படமெடுத்தும் அதனை எவர்க்கும் காட்டாது வைப்போர் செல்லரிக்காத சுவரொன்றைக் கட்டியோரேயாவர். இன்ன ஏடு இன்னவிடத்து உள்ளது எனப் பட்டியலும் வெளியிடாமை பூட்டினும் வலிய பூட்டு. இருப்பதே தெரியாத நூலை எவர் கேட்பார்? ஆதலின் விளக்கப் பட்டியலை வெளியிடுதலே முதல் திறவுகோல்.

இத்திறப்பினால் விளையும் நன்மை சிறிதன்று. சென்னைக்கு மேற்கே ஆவடியை அடுத்துள்ள சேக்காட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் கிழக்கே சுந்தரர் பாடிய திருமுல்லைவாயிலும், அப்பாற் சம்பந்தர் பாடிய திருவேற்காடும் உள்ளன. மேற்கே பூசலார் நாயனாரின் திருநின்றவூர். தென்பால் சேக்கிழார் தோன்றிய குன்றத்தூர். இத்துணைத் திருப்பதிகட்கு நடுவே வாழும் ஒருவர், முன்னாளில் ஒரு பதிகத்தின் பாட வேறுபாட்டை அறிய விரும்பின், திருமடத்தையோ சென்னை நூல்நிலையத்தையோ நாடி, இசைவு பெற்றுக் காத்திருத்தல் வேண்டும். இந்நாளில் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தட்டெழுதிச் சேர்த்த நூல்களையும், தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017-இல் திறந்த மின்னூலகத்துப் பழம்பதிப்புக்களையும் சேக்காட்டில் இருந்தவாறே காணலாம். பூசலார் உள்ளத்தில் எழுப்பிய கோயிலை இறைவன் காடவர் மன்னன் கனவில் உணர்த்தினமையால் அன்று உலகம் அறிந்தது. சேக்கிழார் நூலாக்கினமையாற் பின்னுள்ளோர் அறிந்தனர். உள்ளத்தில் உள்ளதை உலகிற்கு உரைத்தல் அத்துணை உயர்ந்த தொண்டாயின், பெட்டியில் உள்ளதை உரைத்தலும் தொண்டேயாம்.

எனினும் காணுதல் வேறு, கற்றல் வேறு. பழைய ஏட்டில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இல்லை. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வேற்றுமை இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. அவ்வெழுத்தைப் படித்தறியும் பயிற்சி அருகிவருகின்றது. படிப்பாரற்ற ஏடு ஓலையில் இருந்தாலென், ஒளியில் இருந்தாலென்? தேவார ஏட்டைப் பார்ப்பார் ஆயிரவராகி, பண்ணோடு ஓதுவார் அருகின், திருமுறை காக்கப்பட்டதாகாது. இராசராசன் கல்வெட்டோடு நில்லாது ஓதுவார்க்கு நெல்லும் அளந்தமை இதுபற்றியேயாம்.

ஆகவே, மின்படி வந்தமையால் பழைய வினா தீரவில்லை. அதன் விடை தெளிவாயிற்று. வழங்கலே காத்தலின் பயன். காத்தலோ ஒருகாற் செய்து முடிக்கும் வினையன்று. தலைமுறைதோறும் கைம்மாறி வரும் நித்தியத் தொண்டு. இந்து சமய அறநிலையத் துறையினர் 2022 முதல் திருக்கோயில்களில் உள்ள சுவடிகளைத் தேடிக் கணக்கெடுப்பித்து வருகின்றனர். இல்லங்களிற் பரண்மேலும் பூசையறையிலும் உள்ளவற்றைத் தேடுதல் அவ்வில்லத்தார் கடன். மஞ்சள் தடவிப் பூவிட்டு ஆண்டிற்கொருகால் வணங்கும் கட்டினுள் என்ன நூல் உள்ளதென அவிழ்த்துப் பார்ப்பித்தலும் வழிபாடே. ஏட்டைத் தாமே வைத்துக்கொள்ள விரும்புவோர் வைத்துக்கொள்க. படியை மட்டும் உலகிற்கு அளிக்க. பெயர் தெரியாத எத்துணையோ பேர் குனிந்திருந்து எழுதியமையால் இத்தலைமுறை பெற்ற கடன் இங்ஙனமே தீர்தற்பாலது. அதனைத் தீர்க்கும் ஊக்கத்தைத் தில்லையம்பலவன் திருவருள் அனைவர்க்கும் கூட்டுவதாக.